பீஸ் பீஸ்

முனிர்கா, புது டெல்லி
14 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள சந்திரம்மாள் அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி ராஜாத்தி சொல்லச் சொல்ல ஜ்யோத்ஸ்னா டீச்சர் எழுதும் கடிதம். நான், உங்கள் தம்பி, ப்ரீதா மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் சத்துணவு அண்டாவைத் தனியாகத் தூக்கவேண்டாம் என்று உங்கள் தம்பி எழுதச் சொன்னார்.

வாரா வாரம் போனில் பேசுகிறவளுக்கு லெட்டர் எதற்கு என்று நினைப்பீர்கள். விஷயம் இருக்கிறது. இங்கே நம் ஊர்ப் பக்கத்துக்காரர் நடத்தும் மெஸ் மாடியில் பெரியவர்களுக்குப் படிப்பு வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். போன வருஷமும் ஒன்று நடந்தது. அணில், ஆடு, இலை என்று சின்னப் பிள்ளைகளின் பொம்மைப் புத்தகம் கொடுத்தார்கள். நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து அணில் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்குப் பொறுமை? ஒரு மாதத்தில் வகுப்பில் டீச்சரும் அணிலும்தான் மிச்சம். (இதை ஜ்யோத்ஸ்னா டீச்சர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். அவர் இந்த வருஷம் வந்தவர்.)

இந்தத் தடவை படிப்போடு தையல் பயிற்சியும் உண்டு. முடிவில் பரீட்சை. வேலைச் சீட்டைப் படித்து, அதன்படி வெட்டித் தைத்து, செய்ததை எழுதிக் கொடுக்கவேண்டும். பாஸ் ஆனால் ஓக்லாவில் ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை தைக்கும் யூனிட்டில் வேலை.

அண்ணி, அது உட்கார்ந்து செய்யும் வேலை! பதினெட்டு வருஷமாக மோதி பாக் குவார்ட்டர்ஸில் நின்றால் பாத்திரம், குனிந்தால் தரை. நான் உட்காருவது பஸ்ஸில்தான், அதுவும் இடம் கிடைத்தால். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறு ஆசை இல்லை.

டீச்சர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். ஒவ்வொருவரும் சொந்தக்காரர் ஒருவருக்கு லெட்டர் எழுதவேண்டும். வகுப்பு சமாசாரம் லெட்டரில் மட்டும்தான். போனில் அதைப்பற்றி மூச்சு விடக்கூடாது. போனில் சொல்லித் தீர்த்துவிட்டால் எழுதக் கை வராதாம். நம் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் நீங்கள்தான். சம்மதமா?

கீழே இருப்பது மட்டும் என் கை. இரண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்போதைக்கு இவ்வளவுதான்.

ராஜாத்தி


சின்னசேலம்
2 ஆகஸ்ட் 2024

ராஜாத்திக்கு,

சந்திரம்மாள் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் என் முழங்கால் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். அண்டாவைத் தூக்க இரண்டு பேர் இருக்கிறார்கள், என் தம்பியிடம் சொல்.

உன் லெட்டர் வந்த அன்று தெருவே கூடிவிட்டது. போஸ்ட்மேன் பேர் சொல்லிக் கத்தினாரா, கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டாள். "என் தம்பி பொண்டாட்டி டெல்லியில படிக்கிறாடி"ன்னு சொன்னேன். "எந்த காலேஜு?" என்கிறாள்!

கையெழுத்தைப் பார்த்தேன். உன் 'ரா'வுக்கும் 'ஜா'வுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டியே போகலாம். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நிற்கிறது. என்னுடையதைப் பார், எல்லாம் தூங்கி வழிகிறது.

போன் விஷயம் சம்மதம். என் வாயைக் கட்டுவது எவ்வளவு பாடு என்று உனக்கே தெரியும், இருந்தாலும் சம்மதம். பதிலுக்கு நானும் ஒரு சட்டம் போடுகிறேன். அடுத்த லெட்டர் முழுக்க உன் கையால் வரவேண்டும். டீச்சர் எழுதினால் டீச்சருக்குத்தான் பதில் போடுவேன்.

ப்ரீதாவை நன்றாகப் படிக்கச் சொல். என் தம்பிக்குச் சோறு போடு.

உன் நாத்தனார்
சந்திரம்மாள்


முனிர்கா
25 ஆகஸ்ட் 2024

அண்ணிக்கு,

ராஜாத்தி. என் கை. டீச்சர் இல்லை.

நாங்கள் சுகம். உங்கள் கால் சுகமா.

வகுப்பு தினமும் சார் மணிக்கு. முதலில் எழுத்து. பிறகு தையல். ஊசியில் நூல் கோத்தேன். மெஷின் மிதித்தேன். மெஷின் பின்னால் போனது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதை எழுத ஞாயிறு முழுக்க ஆனது. சோறு குழைந்துவிட்டது. உங்கள் தம்பி குழைந்த சோறு நல்லது என்றார். கை வலிக்கிறது. போதும்.

ராஜாத்தி


சின்னசேலம்
10 செப்டம்பர் 2024

அடி ராஜாத்தி,

இங்கே எல்லாம் சுகம். உன் லெட்டரைப் பார்த்து அழுதேன் என்று எழுத மாட்டேன், நீ தலைக்கு மேல் ஏறிவிடுவாய். கொஞ்சம் அழுதேன்.

அது இருக்கட்டும். யார் அந்த சார்? முதல் லெட்டரில் டீச்சர் பொம்பளை என்றாய். இப்போது வகுப்பு தினமும் சார் மணிக்கு என்கிறாய். மணி என்று ஒரு சார் வந்திருக்கிறாரா? தினமும் அந்த மணி சாருக்கு எதற்கு வகுப்பு? அவருக்கும் எழுதத் தெரியாதா? என் தம்பிக்கு இந்த மணி சாரைத் தெரியுமா? போனில் கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சட்டம் என்று முழுங்கிவிட்டேன். சீக்கிரம் எழுது, இல்லாவிட்டால் எனக்கு வயிற்று வலி வந்துவிடும்.

மெஷின் பின்னால் போனால் சக்கரத்தைக் கையால் முன்னுக்குத் தள்ளிவிட்டு மிதிக்கணும். எங்கள் ஊர் டெய்லர் அப்படித்தான் செய்கிறார்.

சந்திரம்மாள்


முனிர்கா
13 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் வயிற்று வலிக்கு மருந்து இந்த லெட்டரில் இருக்கிறது. மணி சார் என்று யாரும் இல்லை! சார் என்றால் இந்தியில் நாலு. நாலு மணிக்கு வகுப்பு என்று எழுத நினைத்தேன். பதினெட்டு வருஷம் டெல்லியில் இருந்தால் கையும் பாதி இந்தியில்தான் எழுதும் போலிருக்கிறது. உங்கள் லெட்டரை ப்ரீதாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் உருண்டு சிரித்தாள். "மணி சார் ஆயா க்யா?", மணி சார் வந்தாரா என்று தினமும் அவள் அப்பாவைக் கேட்கிறாள்.

அண்ணி, நான் சொன்னதைக் கவனித்தீர்களா? படித்துக் காட்டினேன். பதினொன்றாவது படிக்கிறாள், இங்கிலீஷும் இந்தியும் தண்ணியாய் ஓடுகிறது, தமிழ் ஒரு எழுத்து தெரியாது. "மம்மி, அத்தை என்ன எழுதியிருக்காங்க, ஜல்தி படி" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் மருந்துச் சீட்டு, கரண்டு பில், பஸ் போர்டு எல்லாம் அவள்தான் எனக்குப் படித்தாள். அன்றைக்கு நான் படித்தேன், அவள் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. நடுவில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

மெஷின் இப்போது நான் சொன்னபடி கேட்கிறது. தையல் மாஸ்டர் பேர் பிரதீப். இந்திக்காரர், தங்கமான மனுஷன், வாய் மட்டும் ரயில். அவர் சொல்வதை நாங்கள் நோட்டில் குறித்துக்கொள்கிறோம். எங்களுக்குத் தெரிந்த எழுத்து தமிழ், அவர் பேசுவது இந்தி. அதனால் இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறோம். தக்கியா என்றால் தலையணை. சாதர் என்றால் விரிப்பு. ஜ்யோத்ஸ்னா டீச்சர் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "ஞாபகத்த நம்பாதீங்க அக்கா, எழுத்த நம்புங்க." டீச்சர் மேல் அறையில், மாஸ்டர் கீழ் அறையில். நாங்கள் நடுவில் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு இருக்கிறோம். வேலைச் சீட்டு இந்தியில் இருக்குமாம், அதனால் தீபாவளி முடிந்து இந்தி எழுத்தும் ஆரம்பிக்கிறார்கள்.

பரீட்சை மார்ச்சில். பயமாகவும் இருக்கிறது, குஷியாகவும் இருக்கிறது. நேற்றுத் தலையணை உறை ஒன்று முழுசாகத் தைத்தேன். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "அச்சா ஹை, ராஜாத்தி ஜீ" என்றார். ஜீ போட்டார், அண்ணி!

உங்கள்
ராஜாத்தி


சின்னசேலம்
5 நவம்பர் 2024

ராஜாத்தி ஜீக்கு,

தீபாவளி நல்லபடி கழிந்தது. நான் சுகம். முறுக்கு பார்சல் வந்ததா? அதைப் போனில் சொல்லலாம், சட்டத்தில் முறுக்கு இல்லை. அஞ்சலட்டையில் இடம் போதவில்லை. ஒன்று மட்டும். உன் லெட்டரைத் தலைமையாசிரியை அம்மாவுக்கும் காட்டினேன். போன லெட்டருக்கு இந்த லெட்டர் என்னா நீளம் என்று மூக்கில் விரல் வைத்தார். ப்ரீதாவிடம் சொல், அத்தை இனிமேல் அவளுக்காகவே வம்பு எழுதுவாள்.

சந்திரம்மாள்


முனிர்கா
1 டிசம்பர் 2024

அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா. முறுக்கு நன்றாக இருந்தது.

இங்கே புகையும் பனியும். காலையில் எதிர் வீடு தெரிவதில்லை. உங்கள் தம்பிக்குக் கம்பளி வாங்கினோம். ப்ரீதாவுக்கு இருமல், இப்போது பரவாயில்லை. மோதி பாக்கில் ஒரு வீட்டுக்காரர் மாற்றலாகிப் போகிறார். முள்ளங்கி நிறைய வருகிறது.

வகுப்பு நடக்கிறது.

ராஜாத்தி


சின்னசேலம்
15 டிசம்பர் 2024

ராஜாத்திக்கு,

நான் நலம். நீ நலமில்லை.

நலம் என்று எழுதிவிட்டால் நம்பிவிடுவேனா? பனியைப் பற்றி எழுதியிருக்கிறாய், கம்பளியைப் பற்றி எழுதியிருக்கிறாய், முள்ளங்கியைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறாய். மெஷின் எங்கேடி? போன லெட்டரில் அரைப் பக்கம் மெஷின் புராணம் பாடினவள் நீ. பிரதீப் மாஸ்டர் என்ன ஆனார்? ஊரைவிட்டு ஓடிவிட்டாரா? 'வகுப்பு நடக்கிறது' என்கிறாய். வகுப்பு நடக்கும், அது பாட்டுக்கு நடக்கும். நீ போகிறாயா?

தம்பியிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கேட்க மாட்டேன். நீயே எழுதவேண்டும். பொங்கலுக்குள் உண்மை லெட்டர் வரவில்லை என்றால் சட்டமாவது ஒண்ணாவது, போன் போட்டு டெல்லியே அதிர்கிற மாதிரி கத்துவேன்.

பால் காய்ச்சிக் குடி. குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே.

சந்திரம்மாள்


முனிர்கா
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பியும் மகளும் நலம். நான் பரவாயில்லை.

உங்களிடம் மறைக்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன். நான் வகுப்புக்குப் போவதில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் பிரதீப் மாஸ்டர் எனக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்தார். மறுநாள் அவருக்கு லீவு. "ராஜாத்தி ஜீ, கல் ஆப் ஹி கரேங்கி", நாளைக்கு நீங்களே செய்யுங்கள் என்று சொல்லி, அலமாரியிலிருந்து புது வெள்ளைத் துணிக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். தலையணை உறைக்கு இருபது துண்டு வெட்டி வைக்கவேண்டும். இருபது இந்தியில் பீஸ். துண்டும் பீஸ்தான். அவர் சொன்னது 'பீஸ் பீஸ்'. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன், தமிழில்: 'பீஸ் பீஸ் வெட்டணும்.'

மறுநாள் நோட்டைத் திறந்து படித்தேன். பீஸ் பீஸ் வெட்டணும். பீஸ் பீஸாக வெட்டணும்! மெஷின் எண்ணெய் துடைக்கப் பழைய துணியை அப்படித்தான் துண்டு துண்டாக வெட்டுவோம். புதுத் துணியை எதற்கு இப்படி வெட்டச் சொல்கிறார் என்று மனசுக்குள் ஒரு நிமிஷம் தோன்றியது. இருபது என்று ஏதோ சொன்னாரே என்றுகூடத் தோன்றியது. ஆனால் எழுத்தில் அப்படி இல்லையே! ஞாபகத்தை நம்பாதே, எழுத்தை நம்பு. நம்பினேன். கத்தரியை எடுத்தேன். முழுக் கட்டையும் கைக்குட்டை அளவுக்கு வெட்டி அழகாக அடுக்கி வைத்துவிட்டு வந்தேன். ஒரே அளவு, ஓரம்கூடப் பிசகவில்லை.

மாஸ்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "அரே ராஜாத்தி ஜீ" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். மற்றவர்கள் பாவம் என்று பார்த்தார்கள். அன்றைக்குப் படி இறங்கி வந்தவள்தான், திரும்பி ஏறவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. நாலு மணிக்குக் கிளம்பி மோதி பாக் பார்க்கில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வேர்க்கடலை வாங்கித் தின்கிறேன். இருட்டினதும் வீட்டுக்கு வருகிறேன். உட்காரத்தானே ஆசைப்பட்டேன், உட்கார்ந்தாயிற்று.

இத்தனை மாதம் படித்தும் படிக்கத் தெரியவில்லை அண்ணி. ஒரு வார்த்தையைப் படித்து ஒரு கட்டுத் துணியைப் பாழாக்கினேன். எனக்குப் பாத்திரமே போதும்.

ராஜாத்தி


சின்னசேலம்
18 ஜனவரி 2025

அடி என் ராஜாத்தி,

பொங்கல் நன்றாகப் பொங்கியது. நானும் நலம். பருப்புதான் நலமில்லை, அடிப்பிடித்துவிட்டது. உன் லெட்டரைச் சத்துணவுக் கூடத்தில் அடுப்படியில் நின்று படித்தேன். 'பீஸ் பீஸாக வெட்டணும்' என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியவில்லை. ஆயா ஓடி வந்தாள், தலைமையாசிரியை அம்மா ஓடி வந்தார். அவர்களுக்கும் படித்துக் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள். அதற்குள் பருப்பு கருகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. பார்க் பெஞ்சு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது நான் சொல்வதைக் கேள். உனக்குப் படிக்கத் தெரியவில்லை என்கிறாய். பைத்தியக்காரி! போன வருஷம் உன்னால் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியுமா? நோட்டில் குறித்திருக்கவே மாட்டாய். மனசில் வைத்திருந்து இருபது துண்டு வெட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாய். நீ எழுதினாய். எழுதியதை எழுதியபடியே படித்தாய். மனசு ஒன்று சொல்ல, எழுத்து ஒன்று சொல்ல, எழுத்தை நம்பினாய். படிக்கத் தெரிந்தவள் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். நான் ஐந்தாம் வகுப்பு, எனக்கே இவ்வளவு பெரிய தப்பு செய்யும் அளவுக்குப் படிப்பு கிடையாது.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிகிறது. டீச்சர் மேலே உட்கார்ந்து எழுத்து சொல்கிறார், மாஸ்டர் கீழே உட்கார்ந்து துணி சொல்கிறார். நீங்கள் இந்தியைத் தமிழில் எழுதுவது மாஸ்டருக்குத் தெரியாது. அவர் என்ன சொல்கிறார் என்பது டீச்சருக்குத் தெரியாது. நம் எழுத்தில் இரண்டு பீஸும் ஒரே பீஸ்தான், யாராவது ஒருத்தர் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்களே! சமையலுக்கு ஒருத்தி, உப்புப் போடத் தனியாக ஒருத்தி என்றால் சாம்பார் என்னத்துக்கு ஆகும்?

ஆகவே நீ செய்யவேண்டியது இது. உன் லெட்டரையும் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு சார் மணிக்குப் போ. டீச்சரையும் மாஸ்டரையும் ஒரே அறையில் உட்காரவை. நீ நின்றுகொண்டு சத்தமாகப் படி. அவர்கள் சிரித்தால் நீயும் சிரி. பிறகு உட்கார்.

போகாவிட்டால் என் தம்பியிடம் மணி சாரைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

அன்போடும் கருகின பருப்போடும்
சந்திரம்மாள்


முனிர்கா
23 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள என் அண்ணிக்கு,

நாங்கள் மூவரும் நலம், ரொம்ப நலம்! இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். முடிவு தெரிந்து எழுதவேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்!

இப்போது வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் லெட்டர் வந்து இரண்டு நாள் தலைமாட்டில் கிடந்தது. மூன்றாம் நாள் போனேன். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டு படித்தேன். மாஸ்டருக்காக ஒவ்வொரு வரியாக இந்தியிலும் சொன்னேன். சாம்பார் உப்பு வந்ததும் டீச்சர் முகத்தை மூடிக்கொண்டார். மாஸ்டர் எழுந்து, "எல்லாரும் நோட்டைக் காட்டுங்க" என்று இந்தியில் சத்தம் போட்டார். பார்த்தால் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு வெடிகுண்டு. ஒருத்தி எழுதிய 'சார்' நாலா, மாஸ்டரைக் கூப்பிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கீழே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலேஜ் பையன்கள் மேலே எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து மேல் அறை கீழ் அறை கிடையாது. கரும்பலகை மெஷினுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மாஸ்டர் வேலைச் சீட்டைக் கொண்டுவருவார், அதுதான் அன்றைய பாடம். டீச்சர் அதிலிருந்தே இந்தி எழுத்துச் சொல்லுவார். கையில் துணி இருக்கும்போது எழுத்து எப்படி ஒட்டிக்கொள்கிறது தெரியுமா? இந்தி எழுத்தில் இரண்டு பீஸும் வேறு வேறு அண்ணி! இருபது பீஸுக்கு முதல் எழுத்தின் வயிற்றில் ஒரு கோடு. துண்டு பீஸுக்கு வயிறு திறந்து கிடக்கும், கோடு இல்லை. 'வயிற்றில் கோடு இருந்தால் இருபது' என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கீழே என் பேர்.

பரீட்சைக்கு யூனிட்டிலிருந்து ஒரு மேடம் வந்தார். என் கையில் சீட்டு கொடுத்தார். பிரித்தேன். முதல் வரி தக்கியா. இரண்டாம் வரியில் என்ன தெரியுமா? வயிற்றில் கோடு ஒன்று, கோடு இல்லாதது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பீஸ் பீஸ்! என்னால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேடம் நிமிர்ந்து, "க்யா ஹுவா?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம், இவங்க ரெண்டு பேரும் எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சவங்க" என்று இந்தியில் சொன்னேன். பின்னால் பிரதீப் மாஸ்டர் இருமுவதுபோல் சிரித்தார்.

இருபது வெட்டினேன். ஒன்று தைத்துக் காட்டினேன். செய்ததைச் சீட்டில் எழுதினேன், இந்தியில், வயிற்றில் கோடு போட்டு. மறுநாள் ஓக்லாவுக்கு வரச் சொன்னார்கள். நாற்காலியைப் பார்த்தேன் அண்ணி. இரும்புக் கால், பச்சை மெத்தை. ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. பரவாயில்லை, நான்தான் தையல்காரி ஆயிற்றே, தைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் ஏழாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து அது என்னுடையது.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. நான் வெட்டிய துண்டுகளை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து நாலு மடிப்பு வைத்துச் சூடு பிடிக்கும் துணியாகத் தைத்துவிட்டோம். உங்கள் அண்டாவுக்கு. இனிமேல் சிரித்தாலும் பருப்பைச் சுடச்சுட இறக்கிவிடலாம்.

உங்கள்
ராஜாத்தி


சின்னசேலம்
8 ஏப்ரல் 2025

ராஜாத்தி,

எல்லாரும் சுகம். பிடிதுணி வந்தது. தெரு முழுக்கக் காட்டினேன். துக்கம் விசாரிக்க வந்தாளே, அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். நேற்று ஏழாம் தேதி. காலையிலிருந்து 'இப்ப உட்கார்ந்திருப்பா, இப்ப உட்கார்ந்திருப்பா' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆயா, "யாரு, முட்டை மேல கோழியா?" என்கிறாள்.

பரீட்சை லீவு விட்டதும் டெல்லிக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. மே ஐந்தாம் தேதி காலை. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் எனக்கு லெட்டர் பழகிவிட்டது.

சந்திரம்மாள்


முனிர்கா, வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியது
5 மே 2025, திங்கள்

அண்ணி, வாங்க!

பிரயாணம் சுகமா? முழங்கால் எப்படி? நான் வேலைக்குப் போகிறேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை. நான் வேலைக்குப் போயிருக்கும்போது நீங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசை.

உங்கள் தம்பி உங்களை ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டு டியூட்டிக்குப் போவார். இட்லி சட்டியில் இருக்கிறது. கூலரில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போடுங்கள். குழாயில் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் வரும், பச்சை வாளியை மட்டும் வைத்தால் போதும். ப்ரீதா ஒரு மணிக்கு வருவாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கேட்டுப் பாருங்கள், சிரிக்காதீர்கள்.

எனக்குச் சார் மணிக்கு விட்டுவிடுவார்கள். ஐந்துக்குள் வருவேன்.

என் வாழ்நாளில் வீட்டில் ஒருத்தருக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவது இதுதான் முதல் தடவை.

ராஜாத்தி


(அதே சீட்டின் பின்பக்கம்)

ராஜாத்தி,

சீட்டு கிடைத்தது. உன் 'ரா'வுக்கும் 'ஜா'வுக்கும் நடுவில் இப்போது ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது.

பச்சை வாளி நிரம்பியது. இட்லி சாப்பிட்டேன், உப்பு கொஞ்சம் கம்மி. ப்ரீதா எனக்கு 'ராஜாத்தி' என்று எழுதிக் காட்டினாள். நான் சிரிக்கவில்லை, அவள்தான் சிரித்தாள். ப்ரீதாவோடு காய்கறிச் சந்தைக்குப் போகிறேன். அதற்குள் நீ வந்துவிட்டால் பார்த்துக்கொள்ளவே இதை எழுதி வைத்திருக்கிறேன்.

உன் வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. இத்தனை வருஷம் அதில் என் தம்பிதான் உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அதைத் துடைத்து, கூலருக்கு நேராகப் போட்டிருக்கிறேன். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்தேன் என்று இங்கே வந்து நிற்காதே. வேலைக்குப் போய்விட்டு வந்தவள் நீ. போய் உட்கார். நான் வந்து டீ போட்டுத் தருகிறேன்.

மணி சாரைக் கேட்டதாகச் சொல்.

சந்திரம்மாள்